இயந்திரத்திடமும் சனது கேளுங்கள்!

(ஓசூரில் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் திரளாகக் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தோடு என் பேச்சைத் தொடங்குகிறேன்.

கல்வியைத் தேடிச் சீனா வரைக்கும் போகச் சொன்னதாக நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு செய்தி சொல்லப்படுவதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கல்வி மாநாடு, பள்ளி ஆண்டு விழா, மக்தப் திறப்பு விழா என்று எங்கே ஒலிபெருக்கி முன் நின்றாலும் நானும் அதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. கூட்டம் தலையாட்டும். தக்பீர் முழங்கும். நானும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவேன்.

ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதியவன் நான். ஒரு செய்தியை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத் தகுந்தவரா என்று ஆராயும் கலையை உஸ்தாத்மார்கள் எனக்கு உட்கார வைத்துக் கற்றுத் தந்தார்கள். அப்படிப்பட்ட எனக்கு இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் தொடரைப் பார்க்க வேண்டும் என்று ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தோன்றவே இல்லை! ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் இதைச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த நூல் என் அலமாரியிலேயே இருந்தது. தூசு படிந்து இருந்தது.

ஏன் பார்க்கவில்லை? செய்தி எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். பிடித்த செய்திக்கு நாம் ஆதாரம் கேட்பதில்லை. பிடிக்காத செய்திக்கு மட்டும் பத்து ஆதாரம் கேட்கிறோம்.

என் கையில் ஒலிபெருக்கி இருந்தது. இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. ஆகவே என் குற்றம் இன்று உங்கள் குற்றமும் ஆகக் கூடும். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எல்லையில் வாழ்பவர்கள் நாம்

ஓசூர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி; கர்நாடகம். சரக்கு லாரி எல்லையைக் கடக்க நேரமாகும். வதந்திக்கு ஒரு நொடி போதும்.

2012 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். அஸ்ஸாமில் கலவரம் நடந்திருந்தது. அதற்குப் பழிவாங்க பெங்களூருவில் இருக்கும் வடகிழக்கு மாநிலத்தவரை முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பறந்தன. ஆயிரமாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு தற்காலிகமாகத் தடை போட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தி, பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லப் பெங்களூரு முஸ்லிம்களும் வீதிக்கு வந்தார்கள். ஆனால் வதந்தி முந்திக்கொண்டு விட்டது.

இந்தக் கதையில் நாம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தானா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! அதே மாதங்களில் நம் கைப்பேசிகளில் ஒரு படம் சுற்றியது. செந்நிற உடை அணிந்த பௌத்தத் துறவிகள். அவர்கள் முன் வரிசை வரிசையாகச் சடலங்கள். பர்மாவில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் என்று அதற்கு விளக்கம். உண்மையில் அது 2010 ஏப்ரலில் சீனாவின் யூஷு பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் படம். இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்யத் திபெத்தியத் துறவிகள் திரண்ட காட்சி! உதவ வந்தவர்களைக் கொலைகாரர்களாக்கி நாம் பரப்பினோம். பர்மாவில் நம் சகோதரர்கள் கொல்லப்பட்டது உண்மை. அந்த உண்மைக்கு நாம் பொய்ப் படத்தைச் சாட்சியாக வைத்தோம். படம் பொய் என்று தெரிந்ததும் என்ன ஆயிற்று? படுகொலையே பொய் என்று சொல்ல மறுத்தவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பொய்ச் சாட்சி, நியாயமான வழக்கையும் தோற்கடித்துவிடும்!

2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. அதன் கடைசியில் இருந்த விளக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பரப்பினார்கள். விளைவு? திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்து, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், நண்பர்களோடு சுற்றுலா வந்த ஹைதராபாத் இளம் பொறியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம்; மூதாட்டி இந்து. வதந்தி மதம் பார்ப்பதில்லை சகோதரர்களே!

2020-இல் கொரோனாவை நாம்தான் பரப்புகிறோம் என்றார்கள். காய்கறி வண்டி தள்ளும் ஏழைகளிடம் பெயர் கேட்டு விரட்டினார்கள். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று கூறியது. தீர்ப்பு வந்தது, கெட்ட வியாபாரம் திரும்பி வந்ததா?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகக் காணொளிகள் பரவின. ஒன்று பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவரின் தகராறு. தமிழகக் காவல்துறைத் தலைவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது.

2024 மார்ச்சில் நம் மாவட்டத்தின் பெயரே இழுக்கப்பட்டது. பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்பைப் பற்றிப் பேசிய மத்திய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழகத்திலிருந்து வந்தவர்கள் குண்டு வைத்ததாகச் சொன்னார். கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி என்றும் சொன்னார். பிறகு தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தேசியப் புலனாய்வு முகமை முக்கியக் குற்றவாளிகள் என்று கைது செய்த இருவரும் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். குற்றம் செய்தவர் எவராயினும் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் அந்தச் சில நாட்கள் கிருஷ்ணகிரி என்று முகவரி சொன்ன நம் பிள்ளைகளைப் பெங்களூருவில் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அமைச்சர் சொன்னாலும் ஆதாரம் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

நம் வீட்டுச் சொத்து

வந்த செய்தியைத் தேடவும், எடை போடவும், சரிபார்க்கவும், நேர்மையாகப் பயன்படுத்தவும் தெரிந்திருப்பதைத் தகவல் அறிவு என்று கல்வியாளர்கள் அழைக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் பால் ஸுர்கோவ்ஸ்கி என்பவர் இந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் புதிது. வேலை நமக்குப் புதிதல்ல!

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்றும் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளையை ஏற்ற முன்னோர்கள் சனது என்னும் அறிவிப்பாளர் தொடரை உருவாக்கினார்கள். ஹிஜ்ரி 256-இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் ஏறத்தாழ ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்து தம் தொகுப்பை அமைத்ததாக வரலாறு சொல்கிறது. திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்தான் அதில் உள்ளன. மற்றவை? வடிகட்டினார்கள். அறிவித்தவர் நல்லவராக இருந்தாலும் நினைவாற்றல் குறைந்தவராக இருந்தால் அதையும் எழுதி வைத்தார்கள். நல்லவரும் தவறிழைக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட சமுதாயம் இது!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்று முனைவர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்க்கும் தொழில் செய்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பத் தகுந்ததா என்று கேட்டார்கள். மாணவர்களும் முனைவர்களில் பலரும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழகையும் பெயரையும் முகப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வேகமாகவும் சரியாகவும் முடிவு கண்டார்கள்.

இதைத்தானே நம் முஹத்திஸ்கள் செய்தார்கள்? ஒரு ராவியை அவருடைய தாடியைப் பார்த்தா எடை போட்டார்கள்? அவர் ஊருக்கு ஒட்டகமேறிப் போய், அவரை அறிந்தவர்களிடம் அல்லவா விசாரித்தார்கள்!

புதிய ராவி வந்திருக்கிறார்

இப்போது ஒரு புதிய ராவி வந்திருக்கிறார். பெயர் செயற்கை நுண்ணறிவு. சாட் ஜி.பி.டி., ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி என்று பல உருவங்களில் வந்திருக்கிறார். 2022 நவம்பர் இறுதியில் சாட் ஜி.பி.டி. வெளியானது. 2025-இல் தொலைபேசி நிறுவனங்களே இப்படிப்பட்ட கருவிகளைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அள்ளி வழங்கின. தமிழக அரசு 2026 ஜனவரியில் தொடங்கிய கல்லூரி மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றின் சந்தா சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆக, வேண்டுமா வேண்டாமா என்று நாம் விவாதித்து முடிப்பதற்குள் அது பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது.

இந்த ராவியின் தன்மை என்ன? கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற கணக்கைப் பழகிய இயந்திரம் அது. அந்தக் கணக்கின்படி வாக்கியம் கட்டித் தருகிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும். தெரியாத இடத்தில், தெரியாது என்று சொல்வதற்குப் பதில், உண்மை போலவே ஒன்றை உண்டாக்கியும் தந்துவிடும். குரல் மட்டும் மாறாது! மெய் சொல்லும்போதும் பொய் சொல்லும்போதும் ஒரே கம்பீரம்! இணையத்தில் ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவு தமிழ்ப் பக்கங்கள் இல்லை. ஆகவே நம் ஊர், நம் மொழி, நம் வரலாறு என்று வரும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை.

2023-இல் நியூயார்க் நகர வழக்கறிஞர்கள் இந்த இயந்திரம் தந்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்கள். அப்படி ஒரு தீர்ப்பே உலகில் இல்லை! 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நியூயார்க் தூரம் என்கிறீர்களா? 2024 டிசம்பரில் பெங்களூருவின் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே, இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் இல்லாத ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டி ஓர் ஆணை பிறப்பித்தது. சில நாட்களில் ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவின் வேலை என்றே பலரும் சந்தேகித்தார்கள். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஓசூர்க் கல்லூரியில் முதலாண்டு பி.காம். படிக்கும் பிள்ளையின் நிலை என்ன?

அப்படியானால் ஒதுக்கிவிடலாமா? கூடாது! ஆங்கிலக் கல்வியை ஒதுக்கி நாம் இழந்த தலைமுறைகள் போதும். அந்த இழப்பை உணர்ந்த பெரியவர்கள்தான் 1919-இல் நம் பக்கத்து வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினார்கள். மேலும் இந்த இயந்திரம் பொய்யை உடைக்கவும் உதவும். 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு: சதிக் கதைகளை நம்பிக்கொண்டிருந்த அமெரிக்கர் 2,190 பேர் செயற்கை நுண்ணறிவோடு ஆதாரங்களை வைத்து உரையாடினார்கள். அவர்களின் நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது திரும்ப ஏறவில்லை. கத்தி ஒன்றுதான். பிடிக்கும் கைக்குப் பழக்கம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

எங்கள் பகுதியில் ஞாயிறு அஸருக்குப் பிறகு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறோம். பதினான்கு பேரோடு தொடங்கினோம். பொறியியல் படிப்பவர்கள், வணிகவியல் படிப்பவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள். முதல் நாள் என் குற்றத்தையே பாடமாக வைத்தேன். அந்தச் சீனா செய்தி எந்த நூலில் உள்ளது என்று இயந்திரத்திடம் கேட்கச் சொன்னேன். ஒரு மாணவரின் கைப்பேசியில் பிரபலமான ஒரு ஹதீஸ் நூலின் பெயரும் எண்ணும் வந்தன. நூலை எடுத்துப் பிரித்தோம். அந்த எண்ணில் வேறு செய்தி இருந்தது! தவறு என்று எழுதினோம். மன்னிப்புக் கேட்டு வேறு எண் தந்தது. அதுவும் தவறு! பிறகு, இது ஆதாரபூர்வமானதா என்று கேள்வியை மாற்றிக் கேட்டோம். அறிஞர்கள் பலர் பலவீனமானது என்றும் இட்டுக்கட்டப்பட்டது என்றும் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது.

பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ஒரே இயந்திரம், கேள்வி மாறியதும் பதில் மாறியது. நான் ஒரு மணி நேரம் பயான் செய்திருந்தாலும் அந்தப் பாடம் இறங்கியிருக்காது. ஆகவே இயந்திரத்தின் தவறையே பாடப் புத்தகமாக்கினோம். நீங்களும் உங்கள் ஊரில் செய்யலாம். முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சி: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். உங்கள் தெரு, உங்கள் ஊர், உங்கள் தொழில். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். இதைச் சரியாகச் சொல்கிறதா? பதிலைத் தாளில் எழுதி, சரியானதன் கீழ்ப் பச்சைக்கோடும் தவறானதன் கீழ்ச் சிவப்புக்கோடும் போடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பள்ளிவாசலைக் கட்டியவர் யார் என்று கேட்டோம். பெயரும் ஆண்டும் கூச்சமில்லாமல் வந்தன. முத்தவல்லியிடம் போய்க் கேட்டால் அவர் சிரிக்கிறார்! தெரிந்த விஷயத்திலேயே இப்படிப் பிழை செய்கிறது என்று கண்ணால் கண்டவன், தெரியாத விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டான்.

இரண்டாவது பயிற்சி: சனது கேளுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும், எங்கிருந்து எடுத்தாய் என்று கேளுங்கள். சில கருவிகள் இணையத்தில் தேடிச் சுட்டி தரும். சுட்டி வந்ததும் திருப்தி அடையாதீர்கள்! மூன்று கேள்விகள். அப்படி ஒரு பக்கம் உண்மையில் இருக்கிறதா? இயந்திரம் சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா? அந்தப் பக்கத்தை எழுதியவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம்? மூன்றாவது கேள்விக்கு அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய்த்தான் விடை தேட வேண்டும்.

மூன்றாவது பயிற்சி: ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் சாய்த்துக் கேளுங்கள். இந்தத் திட்டம் ஏன் நல்லது என்று ஒருவர் கேட்கட்டும்; ஏன் கெட்டது என்று இன்னொருவர் கேட்கட்டும். இருவருக்கும் திருப்தியாகப் பதில் வரும். பிறகு தமிழில், உருதுவில், கன்னடத்தில், ஆங்கிலத்தில் கேளுங்கள். நான்கு மொழி தெரிந்த பிள்ளைகள் ஓசூரில்தானே கிடைப்பார்கள்! பதில்களைப் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை எழுதுங்கள். நம் விருப்பத்தைக் கண்ணாடியாகத் திருப்பிக் காட்டும் பழக்கம் இயந்திரத்துக்கு உண்டு என்பது அப்போது புரியும்.

நான்காவது பயிற்சி: தீர்ப்பைக் கேட்காதீர்கள்; கேள்விகளைக் கேளுங்கள். உங்களுக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கொடுத்து, இது உண்மையா என்று கேட்பதை விட்டுவிட்டு, இதைச் சரிபார்க்க நான் எதையெல்லாம் தேட வேண்டும் என்று கேளுங்கள். எந்த ஊர், எந்த நாள், முதலில் வெளியிட்டவர் யார், காவல்துறை என்ன சொன்னது, படம் பழையதா என்று பட்டியல் தரும். இதில் இயந்திரம் கெட்டிக்காரன். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தேடும் வேலையை நீங்கள் செய்யுங்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். தமிழக அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. தனியாரும் இந்தப் பணியைச் செய்கிறார்கள். அரசு சொன்னதையும் தனியார் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்ப்பு உங்களுடையதாக இருக்கட்டும்!

ஐந்தாவது பயிற்சி எல்லாவற்றிலும் கடினமானது: உங்களுக்கு மிகவும் பிடித்த செய்தியைக் கொண்டுவாருங்கள். நம் சமுதாயத்தைப் புகழும் செய்தி. நம் எதிரியை இகழும் செய்தி. கண்ணீர் வரவழைக்கும் படம். அந்தத் திபெத் படத்தைப் போன்ற ஒன்று. அதை அலசுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு தம்பி தான் பரப்பிய செய்தி பொய் என்று அன்று கண்டுகொண்டார். வீட்டுக்குப் போய், அனுப்பிய குழுக்கள் எல்லாவற்றிலும், நான் அனுப்பியது தவறு, மன்னியுங்கள் என்று எழுதினார். சிலர் கேலி செய்தார்கள். அந்தத் தம்பியின் துணிச்சல் பத்து ஆண்டுகள் எனக்கு வரவில்லையே என்று நான் வெட்கப்பட்டேன்.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தைப் பயன்படுத்தினால் மதிப்பெண் கிடையாது என்று மிரட்டாதீர்கள், திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவார்கள். என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது, அதில் எது தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கட்டுரையோடு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் கொடுங்கள். கேரளத்தின் கண்ணூரில் 2018-இல் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை மாவட்ட ஆட்சியர் தொடங்கினார். பின்னர் கேரள அரசு அதை மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கொண்டு சென்றது. பக்கத்து மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கற்பதை நம் கல்லூரி மாணவர்கள் கற்கக் கூடாதா?

வணிகப் பெருமக்களே!

இது மாணவர் சமாச்சாரம் என்று நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். வதந்தி வந்தால் முதலில் இறங்குவது உங்கள் கடை ஷட்டர்தான்!

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஈ-வே பில் இல்லாமல் அத்திப்பள்ளியைத் தாண்ட விடுவீர்களா? யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, எந்த வண்டி என்று எல்லாம் சரியாக இருந்தால்தான் லாரி நகரும். வழியில் மடக்கினால் அபராதம். சரக்குக்கு இவ்வளவு ஆவணம் கேட்கும் நீங்கள், ஒரு சமுதாயத்தின் மானத்தையே ஏற்றிச் செல்லும் செய்தியை எந்தப் பில்லும் இல்லாமல் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறீர்களே! செய்திக்கும் ஈ-வே பில் கேளுங்கள். அதற்குப் பெயர்தான் சனது.

டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் உங்களைத்தான் குறி வைக்கிறது. காவல்துறைச் சீருடையில் காணொளியில் வருவார்கள். தெரிந்தவர் குரலையே போலியாக உண்டாக்கிப் பேசவும் இப்போது முடியும். காணொளி அழைப்பில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பதறாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. விதியை இயந்திரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கணக்குத் தாக்கல் செய்யும் முன் உங்கள் ஆடிட்டரிடமும் கேளுங்கள்.

வகுப்பு நடத்த இடம் கொடுங்கள். பழைய கணினி இரண்டு கொடுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் கல்லூரிப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விடுமுறை கொடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுங்கள்! சகோதரிகளுக்கும் தனி வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக் குழுவில் வரும் மருத்துவ வதந்தியை நிறுத்தக் கூடியவர்கள் அவர்கள்தாம்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடைப் பேரேடு, அடுத்தவர் வீட்டுப் புகைப்படம் எதையும் இந்தக் கருவிகளில் ஏற்றாதீர்கள். உள்ளே போனது எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இரண்டு: தலாக், பாகப்பிரிவினை, மார்க்கத் தீர்ப்பு என்று வந்தால் இயந்திரத்தின் சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் குடும்ப நிலையை அது அறியாது. தவறாகச் சொன்னால் அதற்கு மறுமையில் கேள்வி கணக்கும் இல்லை. உங்களுக்கு உண்டு. அறிந்த ஆலிமிடம் போங்கள். அவரிடமும் மரியாதையோடு ஆதாரம் கேளுங்கள்! என்னிடமும் கேளுங்கள். கேட்டிருந்தால் நான் பத்தாண்டுகள் தவறு செய்திருக்க மாட்டேன்.

மூன்று: சந்தேகத்தையே மதமாக்கிக்கொள்ளாதீர்கள். எல்லாமே பொய் என்று சொல்பவன், எல்லாமே உண்மை என்று சொல்பவனுக்கு உடன்பிறப்பு. இருவருக்கும் தேடும் சிரமம் இல்லை! நம் முன்னோர்கள் பொய்யை விலக்கியதோடு நிற்கவில்லை. உண்மையைத் தேடிப் பிடித்து, உரசிப் பார்த்து, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தார்கள்.

இன்று இரவே தொடங்குங்கள்

சகோதரர்களே! நீதிமன்றம் பலிகடா என்று சொல்லி நம் பழியைத் துடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. வதந்தி நம் வண்டிக்காரரை விரட்ட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மற்றவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் பொய்யை எதிர்க்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், நம் விரலிலிருந்து ஒரு பொய்யும் புறப்படக் கூடாது.

இதைப் படித்து முடித்ததும் கைப்பேசியை எடுங்கள். கடைசியாக நீங்கள் மற்றவருக்கு அனுப்பிய செய்தியைத் திறங்கள். யார் சொன்னது? யாரிடமிருந்து வந்தது? எப்போது, எங்கே நடந்தது? விடை தெரியவில்லையா? தேடுங்கள், இயந்திரத்தின் உதவியோடும் தேடுங்கள். பொய் என்று தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேருக்கும் திருத்தம் எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்கள் வகுப்பு உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு செய்தியோடு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்தே உரசிப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.